முப்பத்தேழரைக்குக் கீழே

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதைச் சற்று அடக்கத்தோடு சொன்னால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த அடக்கம் வருவதில்லை. அப்பாவும் அம்மாவும் இலங்கையின் வன்னியில் பிறர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பங்களில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் என்றால் போரில் இடம்பெயர்ந்தவர்கள் பாய் விரித்துப் படுக்கும் கட்டடம் என்றுதான் அம்மாவுக்கு நெடுநாளாகத் தெரியும். அப்பா தன் பெயரை எழுதப் பழகியது டென்மார்க்குக்கு வந்த பிறகு. அம்மாவுக்கு எண்கள் மட்டும் தெரியும். இது நடந்த நேரம் நான் ஒடென்சே நகரில் தாதியர் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தேன்.

அப்பா கதைகாரர். இறைச்சித் தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்த அவருக்குத் தெரிந்த டேனிஷ், நல்ல டேனிஷ் இல்லை. ஆனால் அது அவரை ஒருநாளும் தடுத்ததில்லை. டிராமில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு யாரோடும் பேசாமல் வரும் மனிதர்கள், அப்பா பக்கத்தில் இருந்தால் இரண்டு தரிப்பிடத்துக்குள் தங்கள் முழங்கால் அறுவைச்சிகிச்சையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வீட்டிலும் அப்படித்தான். அம்மா ஒரு சொல் சொன்னால் அவர் பத்துச் சொல்வார்.

அன்று சனிக்கிழமை காலை. குசினி மேசையில் உட்கார்ந்து, தன் வேலைத்தல மேற்பார்வையாளர் படகு வாங்கிய கதையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். படகை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது தங்கள் வாசல் கதவுக்குள் போகாது என்று அந்த மனிதர் கண்டுபிடித்தாராம். அந்த இடத்தில் சிரிக்க வேண்டியவர் நின்றுவிட்டார். தேத்தண்ணிக் கோப்பை கையில் சரிந்தது. முதலில் நடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருப்பதைக் கண்டேன்.

"அப்பா, ரெண்டு கையையும் தூக்குங்கோ."

இடது கை எழுந்தது. வலது கை மேசையில் கிடந்தது. அவர் ஏதோ சொன்னார். அதில் சொல் இல்லை, சத்தம்தான் இருந்தது. அம்மா கையில் தேய்க்க எண்ணெய்ப் போத்தலை எடுக்க ஓடினார். நான் அவசர எண்ணுக்கு அழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் விரைவாக நடந்தது. தலையைப் படம் பிடித்தார்கள், கட்டியான இரத்தத்தைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். இளம் பெண் மருத்துவர் ஒருவர் திரையில் படத்தைக் காட்டினார். இடது பக்கத்தில் சிறிய இடம் ஒன்று.

"இது போய்விட்டது," என்றார். "இதைச் சுற்றியுள்ள பகுதி இன்னும் போகவில்லை. அது பிழைக்கவும் கூடும், பிழைக்காமல் போகவும் கூடும். பேச்சு அந்தப் பகுதியில் இருக்கிறது."

"பேசுவாரா?"

"வரும் சில நாட்கள் சொல்லும்."

நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா அழவில்லை. "இந்தாள் கதைக்காம இருக்கமாட்டாரே பிள்ளை," என்றார். அது கவலையாகவும் ஒரு மருத்துவக் குறிப்புப் போலவும் இருந்தது.

அப்பாவுக்கு விழுங்கவும் முடியவில்லை. கரண்டியில் தண்ணீர் கொடுத்துப் பரீட்சித்துவிட்டு, வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று தாதியர் சொன்னார்கள். அதையும் அம்மாவுக்குச் சொல்லிவிட்டு நான் இரவு வீட்டுக்குப் போனேன். ஒருவருக்குத்தான் அறையில் தங்க இடம் இருந்தது. அம்மா தங்கினார்.

மறுநாள் காலை அந்த அறைக் கதவைத் திறந்தபோது வெக்கை முகத்தில் அடித்தது. வெளியே ஐப்பசி மழையும் காற்றும். உள்ளே ஹீட்டரின் குமிழ் ஐந்தில் நின்றது. ஜன்னல் இறுக்கிப் பூட்டியிருந்தது. கட்டிலில் அப்பாவின் மூக்கும் கன்னமும் மட்டுமே வெளியே தெரிந்தன. தலையில் அவர் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது போடும் நீலக் கம்பளித் தொப்பி, காதுக்குக் கீழே வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. காதுகளுக்குள் பஞ்சு. கால்களில் இரண்டு சோடிக் கம்பளிக் காலுறை. எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் வீட்டிலிருந்து வந்த தடித்த போர்வை, பெரிய ரோசாப்பூ போட்டது. எங்கள் ஆட்களின் வீடுகளில் அந்தப் போர்வை இல்லாத வீடு இருக்காது. அதை யாரோ காரில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா திருப்தியோடு இருந்தார். "நல்லா நித்திரை கொள்ளுறார். வேர்க்குது பார். வாதம் இறங்குது."

வாதம் என்றால் குளிர், குளிர் என்றால் காற்று, காற்று காதால்தான் உள்ளே போகும். எங்கள் ஊர்க் கணக்கு அது. அந்தக் கணக்கின்படி அம்மா ஒன்றையும் தவறவிடவில்லை.

அப்பாவின் கழுத்தில் கை வைத்தேன். சுட்டது. பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த அன்ரி ஒருவர் இருந்தார். ஜெபம் செய்ய வந்தவர். மடியில் சுடுதண்ணிப் போத்தல், அதற்குள் கொத்தமல்லித் தண்ணி.

"காய்ச்சல் இருக்கோ எண்டு ஆரும் பாத்தவையோ?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"பாத்தவை, பாத்தவை. ரெண்டு மூண்டு தரம் வந்து பாத்தவை. ஒண்டும் சொல்லேல்லை."

அந்த நேரம் வார்டுத் தாதி உள்ளே வந்தார். என் அம்மாவின் வயது இருக்கும், அன்பானவர். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, போர்வைக்குள் கையை விட்டு அக்குளில் வெப்பமானியை வைத்தார். மேசையில் காது வெப்பமானியும் கிடந்தது.

"ஏன் காதில் வைக்கவில்லை?" என்று டேனிஷில் கேட்டேன். அக்குளில் பார்த்தால் அளவு குறைத்துத்தான் காட்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

அவர் முகம் சற்றுச் சிவந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொப்பியைத் தொட விரும்பவில்லை. அது உங்கள் மதத்தைச் சேர்ந்தது என்று நினைத்தோம். உங்கள் அம்மா அதை அவ்வளவு கவனமாகப் போட்டுவிட்டார். ஆட்கள் சுற்றி நின்று கண்ணை மூடி ஜெபித்தார்கள். இரவு வேலைக்கு வந்தவர்களிடமும் அதைத்தான் சொன்னேன்."

நான் அவரையே பார்த்தேன். "எங்கள் மதத்தில் தொப்பி இல்லை. அது சூப்பர்மார்க்கெட்டில் மலிவு விற்பனையில் வாங்கியது."

இப்படித்தான் ஓர் இரவு முழுவதும் மரியாதையிலேயே போயிருந்தது. தாதியர் தொப்பிக்கு மரியாதை கொடுத்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லாததால், தான் செய்வது சரி என்று அம்மா நினைத்தார். நடுவில் அப்பாவின் மூளை சூடேறிக்கொண்டிருந்தது.

நான் தொப்பியின் ஓரத்தை உயர்த்திப் பஞ்சை எடுத்தேன். காதுக்குள் காற்றுப் பட சற்று நேரம் விட்டு, தாதி அளந்தார். முப்பத்தெட்டு தசம் நான்கு. அவர் மருத்துவரைக் கூப்பிட வெளியே போனார். நான் போர்வையில் கை வைத்தேன்.

"என்ன செய்யுறாய்?" அம்மா என் கையைப் பிடித்தார்.

"இதெல்லாம் எடுக்கவேணும் அம்மா. காய்ச்சல். ஸ்ட்ரோக் வந்த ஆளுக்குக் காய்ச்சல் கூடாது."

"காய்ச்சல் எண்டா போர்த்தத்தானே வேணும். உனக்கு ரெண்டு வயசில வந்தது, போர்த்தித்தான் வைச்சனான். இப்ப நிண்டு கதைக்கிறாய்தானே."

அன்ரி மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, உவை குளிருக்கை பிறந்த ஆக்கள். ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுப்பினம். எங்கட உடம்பு வேற."

"உடம்பு வேறயா இருந்தாலும் மூளை ஒண்டுதான் அன்ரி."

"நீ இன்னும் படிச்சு முடிக்கேல்லைத்தானே?"

அன்ரி ஊரில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர். எங்கள் குடும்பத்தில் ஒருவர் தாதியாவது நல்ல விஷயம் என்று சபையில் பலர் முன்னால் சொன்னவரும் அவர்தான், அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

"முடிக்கேல்லை. ஆனா இந்தப் பாடம் முடிச்சிட்டன்."

அம்மாவுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, நான் படித்தது எல்லாம் டேனிஷில். இரத்த ஓட்டம் குறைந்த பகுதி, உயிரணுக்களின் பிராணவாயுத் தேவை என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே வானொலிச் செய்தி போல இருந்தது. அம்மா போர்வையை விடவில்லை.

அம்மா பல ஆண்டுகளாகப் பூக்கன்றுத் தோட்டம் ஒன்றில், கண்ணாடிக் கூடங்களுக்குள் வேலை செய்பவர். தண்டுகளை வெட்டிச் சின்னச் சட்டிகளில் ஊன்றுவது அவருடைய பகுதி. பள்ளி விடுமுறைகளில் நானும் அங்கே நின்றிருக்கிறேன்.

"அம்மா, வெட்டி ஊண்டின தண்டு, இன்னும் வேர் வராதது. வெயில் ஏறினா என்ன செய்வீங்கள்?"

"இப்ப என்னத்துக்கு அது?"

"சொல்லுங்கோ."

"மேல் ஜன்னலைத் திறப்பம். நிழல்துணி இழுப்பம்."

"ஏன்?"

"வேரில்லை, தண்ணி குடிக்கேலாது. சூடு ஏறினா உள்ளுக்கு இருக்கிறதும் வத்தி வாடிப்போம்."

"அப்பான்ர மூளையில ஒரு துண்டு இப்ப அப்பிடித்தான் கிடக்கு. ரத்தம் வாற வழி அடைபட்டுக் கிடந்தது. மருந்து போட்டாப் பிறகும் அது தெளியேல்லை, பசியோட கிடக்கு. சாகேல்லை. சூடு ஏறினா அதுக்கு இன்னும் கூடச் சாப்பாடு வேணும், இல்லாட்டிச் செத்துப்போம். அப்பா கதைக்கிற இடம் அதுக்கைதான் இருக்கு."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். நான் கையை எடுத்துவிட்டேன். இதை நான் பறித்து எடுப்பதைவிட அவர் எடுப்பதுதான் வேண்டியிருந்தது.

அம்மா எழுந்தார். முதலில் தொப்பியைக் கழற்றினார். மற்றக் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். ரோசாப்பூப் போர்வையை உதறி மடித்தார். காலுறைகள் நான்கையும் இழுத்து எடுத்தார். ஹீட்டரைப் பூச்சியத்துக்குத் திருப்பினார். கடைசியாக ஜன்னலைத் திறந்தார், ஈரக் காற்று உள்ளே வந்தது.

"என்ன, நீரும் சேர்ந்து செய்யுறீர்?" அன்ரி எழுந்துவிட்டார்.

"அக்கா, அவ இதைத்தான் படிக்கிறா," என்றார் அம்மா. "படிக்க விட்டிட்டு, படிச்சதைக் கேக்காம இருந்தா பிறகென்னத்துக்குப் படிக்க விட்டனாங்கள்?"

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதற்கு மேலே ஒன்றை நான் வைக்கமாட்டேன்.

மருத்துவர் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். வலது நுரையீரலின் அடியில் நிமோனியா தொடங்கியிருந்தது. விழுங்க முடியாதவர்களுக்கு உமிழ்நீரே வழி தவறி இறங்கிவிடும், யாரும் எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்றார். அன்ரி தன் போத்தலைப் பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன். அவர் ஒரு துளியும் கொடுத்திருக்கவில்லை என்று பிறகு அம்மா சொன்னார். கேட்டுவிட்டுக் கொடுப்போம் என்று காத்திருந்தாராம்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் பரசிட்டமோலும் நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஓர் ஒற்றைத் துணி மட்டும் மேலே. காய்ச்சலுக்கான காரணத்தை மருந்து கவனிக்கும், சூடு முப்பத்தேழரைக்குக் கீழே நிற்கும்படி நாங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும், என்றார் மருத்துவர். நடுங்கும் அளவுக்குக் குளிர விடவும் கூடாது, நடுக்கமும் உடம்பைச் சூடாக்கும் என்றார். நான் தமிழில் சொன்னேன். அம்மா அந்த எண்ணை இரண்டு தரம் திருப்பிச் சொல்லவைத்தார்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குக் காவல் அம்மாதான். எண்கள் அவருக்குத் தெரியும். கண்ணாடிக் கூடங்களில் சுவரில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்தே பழகியவர். தாதி அளந்து முடிக்குமுன் அம்மா எட்டித் திரையைப் பார்ப்பார். இலக்கம் கூடினால் தாதிக்கு முன்னால் அம்மாவின் முகம் மாறும். ஒரு முறை இளம் தாதி ஒருவர் பழக்கத்தில் அக்குளுக்குப் போனபோது, அம்மா தன் காதைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் காதில் வைத்தார்.

சபையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கம்பளிச் சால்வையோடு வந்தார். அம்மா அதைக் கதவிலேயே வாங்கி, "நல்ல சால்வை, நான் போடுறன்," என்று தன் கழுத்தில் சுற்றிக்கொண்டார். இருவர் இருவராகத்தான் உள்ளே விட்டார். "கனபேர் நிண்டா அறை சுடும். வெளியில நிண்டு ஜெபியுங்கோ, கர்த்தருக்குக் கேக்கும்." போதகரையும் அப்படித்தான் வெளியே அனுப்பினார். எந்தக் கூட்டத்திலும் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் என் அம்மா.

ஜன்னல் திறந்திருந்ததால் அம்மாவுக்குத்தான் கஷ்டம். குளிர் தாங்கமாட்டார். அப்பா ஒற்றைத் துணியோடு கிடக்க, அம்மா பக்கத்தில் நாற்காலியில் தடித்த மழைக்கோட்டு, சால்வை, கையுறை, அப்பாவிடமிருந்து கழற்றிய அதே நீலத் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு இருந்தார். கைப்பை மடியில். பார்க்கிறவர்களுக்கு யார் நோயாளி என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும்.

திங்கள் மாலை காய்ச்சல் இறங்கியது. முப்பத்தேழு தசம் மூன்று. அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அடுத்த அளவிலும் அது ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் அப்பா கண்ணைத் திறந்து வெகுநேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு, தொப்பி, சால்வை, மடியில் பை. அவருடைய நெற்றி சுருங்கியது. வாய் ஒரு பக்கமாக அசைந்தது. உள்ளே எதையோ தேடுகிறார் என்பது தெரிந்தது. நான் கட்டில் பக்கம் குனிந்தேன்.

"எங்கை… போறாய்?"

குழறிய சத்தம்தான். ஆனால் இரண்டும் சொற்கள். முழுமையான கேள்வி, சரியான இடத்தில் கேட்ட கேள்வி.

அம்மா தொப்பியைக் கழற்றினார். "எங்கையும் போகேல்லையப்பா. இஞ்சதான் இருக்கிறன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உதைத்தான் முதல்ல கேக்கவேணுமோ இந்தாளுக்கு," என்று சொல்லிக்கொண்டே அந்தத் தொப்பியால் கண்ணைத் துடைத்தார்.

நான் நடைவழிக்கு ஓடிப்போய், முதல்நாள் தொப்பிக்கு மரியாதை கொடுத்த அந்தத் தாதியைப் பிடித்தேன். அப்பா சொன்னதை டேனிஷில் மாற்றிச் சொன்னேன். அவர் அறைக்குள் எட்டி அம்மாவின் கோலத்தைப் பார்த்துவிட்டு, "நியாயமான கேள்விதான்," என்றார்.

ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். திறந்த ஜன்னல் அப்பாவைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. இரத்தக் கட்டியைக் கரைத்த மருந்து, நேரத்துக்கு வந்த அம்புலன்ஸ், நுரையீரலுக்குக் கொடுத்த மருந்து, அதிர்ஷ்டம், எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அப்பாவின் மூளையில் எந்தத் துளி எதனால் பிழைத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பக்கவாதம் வந்தவரைச் சாதாரண நிலைக்குக் கீழே குளிரச் செய்தால் நன்மை உண்டா என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாகப் பார்த்து வருகிறார்கள். ஆம் என்று சொல்ல இன்னும் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் காய்ச்சலோடு கிடப்பவர்கள் மோசமாகிறார்கள் என்பது பல இடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். அதனால்தான் உலகெங்கும் பக்கவாத வார்டுகளில் காய்ச்சலைத் தேடிப் பிடித்து இறக்குகிறார்கள். நாங்கள் செய்தது அவ்வளவுதான். அந்தப் பசித்த துண்டுக்கு வீண் செலவு வைக்காமல் பார்த்துக்கொண்டோம். அது போதாதா என்றால், எனக்குப் போதும்.

பிறகு நீண்ட மாதங்கள். சொற்கள் ஒழுங்காக வரவில்லை. முட்கரண்டியைச் சாவி என்றார், டிராமை மாடு என்றார், தான் மாற்றிச் சொன்னது விளங்கியதும் கோபப்பட்டார். தமிழ் முதலில் வந்தது. டேனிஷ் பின்னால், நொண்டிக்கொண்டு வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், அவர் பக்கவாதத்துக்கு முன் எவ்வளவு டேனிஷ் பேசினார் என்று என்னிடம் கேட்டார். "பிழையாக, ஆனால் நிறைய," என்றேன். அவர் அதை இலக்காக வைத்துக்கொண்டார். நானும் பகலில் வார்டுகளில் பயிற்சி, மாலையில் அப்பாவுக்குப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பது, பிறகு என் பரீட்சைப் படிப்பு என்று ஓடினேன். ஒரு பாடத்திலும் தவறவில்லை.

பட்டமளிப்பு விழா பெரிய கூடத்தில் நடந்தது. மேசைகளில் சின்னச் சின்னச் சிவப்பு வெள்ளைக் கொடிகள், கேக், கோப்பி. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உடுப்பில் தாதியர் சின்னத்தைக் குத்திவிட்டார்கள். என் பெயரை அவர்கள் பிழையாக உச்சரித்தார்கள், நான் நிமிர்ந்து நடந்து போனேன். அம்மா சேலையும் அப்பா கோட்டுச்சூட்டும். அப்பாவின் வலது கை இன்னும் பிந்தித்தான் வருகிறது. கேக்கை இடது கையால் சாப்பிட்டார்.

சின்னத்தைக் காட்ட நான் மேசைக்கு வந்தபோது அப்பா அங்கே இல்லை. கூடத்தின் மறுபக்கத்தில், எங்களுக்கு நரம்பியல் படிப்பித்த பெண் ஆசிரியரைச் சுவரோடு மறித்து நின்றுகொண்டிருந்தார். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருந்தது. சில சொற்களுக்குக் கையைக் காட்டினார், சிலவற்றுக்குக் கண்ணை மூடித் தேடினார், கிடைத்ததும் அடுத்ததற்குப் போனார். ஆசிரியரின் கையில் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் வேறு பெற்றோர் இருவர் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறார்?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"நீ மேடையில ஏறமுந்தித் தொடங்கினது. அந்த மனுசி பாவம். போய்க் கூட்டிக்கொண்டு வா."

"நீங்கள் போங்கோவன்."

"நான் ஏன் போக? நீதானே கதைக்க வைச்சனி. நீயே போய் நிப்பாட்டு."

நான் போனேன். கிட்டப் போனதும், அப்பா என்னைச் சுட்டிக்காட்டி டேனிஷில் ஆசிரியருக்கு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிட்டார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.